வன்னி வரலாறு – 17: பிள்ளைகளோடு நின்றவர்கள்

2008 செப்டெம்பர் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் இருந்த ஐக்கிய நாடுகள் சபை அலுவலகங்களின் வாசலில் ஊர்ச்சனம் கூடி நின்றது. வன்னியில் வேலை செய்த வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் எல்லாம் வெளியேற வேண்டும், பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தரமுடியாது என்று கொழும்பு அரசாங்கம் அறிவித்திருந்தது. "எங்களை விட்டுட்டுப் போகாதேயுங்கோ" என்று சனம் மன்றாடியது. 16ஆம் திகதி வாகனத் தொடர் ஓமந்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் இன்னும் சில மாதங்கள் நின்றது. மற்ற வெள்ளை வாகனங்கள் ஏ-9 வீதியில் தெற்கே போய் மறைந்தன.

குருக்களும் கன்னியரும் போகவில்லை. அவர்களைப் போகச் சொன்னவர்களும் இருந்தார்கள். போவதற்கு வழியும் அப்போது இருந்தது. ஆனால் அவர்களில் பலருடைய பொறுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தகப்பன் காணாமற்போன பிள்ளை, தாய் இருந்தும் சோறு போட வழியில்லாமல் விடுதியில் விடப்பட்ட பிள்ளை. அந்தப் பிள்ளைகளுக்கு ஓமந்தையைத் தாண்ட 'பாஸ்' கிடையாது. ஆகவே அவர்களோடு இருந்தவர்களும் தாண்டவில்லை. வன்னிப் போரின் கடைசி எட்டு மாதங்களில் கிறிஸ்தவத் திருச்சபைகள் செய்த காரியத்தின் மையம் இந்த முடிவுதான். அந்த முடிவின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால் நூற்றாண்டு தாண்டிப் போகவேண்டும்.

வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி 1895இல் ஒரு கையேடு எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய நிர்வாகி, காய்ச்சலால் ஆள் குறைந்துபோன கிராமங்களை வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். குளம் உடைந்த ஊர், மனிதர் விட்டுப்போன ஊர், இரண்டு மூன்று குடும்பம் மட்டும் மிஞ்சிய ஊர். மலேரியாவும் பறங்கிப் புண்ணும் முதலில் தின்றது குழந்தைகளைத்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கென்று நிலையான கிறிஸ்தவ இல்லம் எதையும் வன்னிக் காட்டுக்குள் நடத்துவது நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அமெரிக்க மிஷன் 1816 முதல். கத்தோலிக்க அமலமரித் தியாகிகள் 1847 முதல். போர்டோ திருக்குடும்பக் கன்னியர் 1862 முதல். வன்னி அவர்களுக்கு மாட்டு வண்டியில் போய்ப் பூசை வைத்துவிட்டு, காய்ச்சல் பிடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டிய நிலமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர்கள் தொடங்கிய விடுதிப் பாடசாலைகளில்தான் இன்றைய சிறுவர் இல்லங்களின் அச்சு வார்க்கப்பட்டது. அமெரிக்க மிஷன் ஏழைப் பிள்ளைகளை எடுத்து, உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தது. ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் இருக்கும் ஒரு குடும்பமோ ஒரு சபையோ ஏற்கும். அந்த நன்கொடையாளர் விரும்பும் பெயர் பிள்ளைக்குச் சூட்டப்படும். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய அருணாசலம் சதாசிவம்பிள்ளை அந்தக் காலத்து மிஷன் மாணவர், ஜே. ஆர். ஆர்னல்ட் என்பது அவருடைய இன்னொரு பெயர். இன்றைக்கு ஒரு பிள்ளையின் படத்தை அனுப்பி மாதாமாதம் பணம் பெறும் அனுசரணைத் திட்டங்களுக்கு இது முன்னோடி. நன்மையும் சிக்கலும் சேர்ந்தே அன்று விதைக்கப்பட்டன. பிள்ளை படித்து மேலே வந்தான். ஆனால் பெயரும் சமயமும் வீட்டோடு இருந்த தொடர்பும் மாறின. ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலைகளுக்கு எதிராகச் சைவப் பாடசாலைகளைத் தொடங்கியதற்குப் பின்னால் இந்த வலி இருந்தது. அந்த வலி நியாயமானது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

வன்னிக்குள் நிலைமை மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1905இல் வடக்கு ரயில் பாதை வந்தது. இரணைமடுக் குளத்து நீர் பாய்ந்த நிலங்களில் குடியேற்றத் திட்டங்கள் வளர்ந்தன. 1940களின் பிற்பகுதியில் டீ.டீ.ரீ. தெளிப்பு வந்து மலேரியாவை அடக்கியது. யாழ்ப்பாணத்தின் காணியற்ற குடும்பங்கள் கிளிநொச்சிக்கு இறங்கின. அவர்களோடு ஆலயமும் பாடசாலையும் இறங்கின; இல்லமும் இறங்கியது. கிளிநொச்சியில் அங்கிலிக்கன் திருச்சபையின் கருணா நிலையம் ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் புகலிடமாக எழுந்தது. பரந்தனுக்குக் கிழக்கே முரசுமோட்டையில் நவஜீவனம் வயலோடும் மாட்டோடும் சேர்ந்த வாழ்க்கையில் பிள்ளைகளை வளர்த்தது. கிறிஸ்தவர்கள் மட்டும் இதைச் செய்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. காந்திய வழியில் கதிரவேலு அப்புஜி வளர்த்த குருகுலம் அதே கிளிநொச்சியில்தான் இருந்தது. ஒரே ஊரில், ஒரே வறுமைக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன.

அந்த வறுமையை இன்னொரு மடங்கு ஆக்கியது மலையகத்திலிருந்து வந்த அகதிகளின் வரவு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், 1958, 1977 வன்செயல்களுக்குப் பின்னர் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காட்டோரங்களில் கொட்டில் போட்டன. காணி உறுதி இல்லை; பிறப்புப் பத்திரம் இல்லை; பிறப்புப் பத்திரம் இல்லாததால் பாடசாலை அனுமதியும் இழுபறி. இந்தக் குடும்பங்களைக் குடியேற்றவும் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தவும் 'காந்தியம்' அமைப்பை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் மருத்துவர் இராஜசுந்தரம். மற்றவர் கட்டடக் கலைஞரான சொலமன் அருளானந்தம் டேவிட். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். இராஜசுந்தரம் அந்த ஆண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார், பல ஆண்டுகள் நாட்டுக்கு வெளியே வாழ்ந்து, முதுமையில் திரும்பி வந்து 2015இல் கிளிநொச்சியில் கண் மூடினார். காந்தியம் திருச்சபையின் அமைப்பல்ல. ஆனால் வன்னியில் பிள்ளைகளுக்காக வேலை செய்வது என்பது கைதுக்கும் சாவுக்கும் உரிய குற்றமாக எண்ணப்படலாம் என்பதை அதன் முடிவு எல்லோருக்கும் உணர்த்தியது.

1990களில் வன்னி ஒரு மூடிய நிலமாகியது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் என்று நீண்ட பட்டியல் ஒன்று தடையாகவோ கட்டுப்பாடாகவோ இருந்தது. ஐம்பது அறுபது பிள்ளைகள் உள்ள ஓர் இல்லத்துக்கு இது என்ன அர்த்தம் என்று எண்ணிப் பாருங்கள். சவர்க்காரம் இல்லாவிட்டால் சிரங்கு வரும். ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு கிழமையில் எல்லாப் பிள்ளைக்கும் வரும். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்தார்கள். இரவில் படிப்பதற்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவே கம்பியில் தாங்கிய மெல்லிய திரி, போத்தலே சிமினி. சில துளி எண்ணெய் ஒரு மாலைக்குப் போதும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் நாலு பேர் அந்தச் சுடரைச் சுற்றிக் கொப்பியை விரித்துக் குனிந்திருப்பார்கள். வன்னியில் அந்தக் காலத்தில் படித்த எவரிடமும் கேளுங்கள், விளக்கின் செய்முறையைக் கையாலேயே காட்டுவார்கள்.

இல்லத்துக்கு அரிசி வருவதே ஒரு வேலை. வவுனியாவில் தாண்டிக்குளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் லொறியை நிறுத்தி, பொருட்பட்டியலைக் காட்டி, பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற வேண்டும். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஹியூடெக், மன்னாரின் வாழ்வுதயம் போன்ற கரித்தாஸ் அமைப்புகளின் குருமார் இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே ஆண்டுகளைக் கழித்தார்கள். இது புகைப்படத்துக்கு ஏற்ற சேவை அல்ல. கச்சேரியில் காத்திருப்பதும், பிரிகேடியரைச் சந்திக்க நாள் கேட்பதும், ஒரு முத்திரை பிழைத்தால் திரும்பி வருவதுமாகப் போகும் வேலை. ஆனால் அறுபது பிள்ளைகளின் மதியச் சோறு அந்த முத்திரையில்தான் தொங்கியது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தபோது, சனத்தின் ஒரு பெரும் பகுதி தென்மராட்சி வழியாகக் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. 1997 மே மாதம் 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை தொடங்கி வவுனியாவிலிருந்து ஏ-9 வழியாக மேலேறியது. கிளிநொச்சியிலிருந்து அக்கராயன், அங்கிருந்து மல்லாவி, அங்கிருந்து புதுக்குடியிருப்பு என்று குடும்பங்கள் இடம்பெயர்ந்த அதே வழியில் இல்லங்களும் இடம்பெயர்ந்தன. கட்டடம் விடப்பட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடாரம், பாய்ச்சுருள், தறப்பாள், பிள்ளைகளின் பதிவேடு ஆகியவை ஏறின. பதிவேட்டுக்குக் கிடாரத்துக்குச் சமமான மதிப்பு இருந்தது. யார் பிள்ளை, எந்த ஊர், யார் கொண்டுவந்து விட்டது என்பதெல்லாம் அதில் இருந்தது. அது தொலைந்தால் பின்னொரு நாள் தேடி வரும் தாய்க்குப் பிள்ளையைக் காட்ட வழியில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் மட்டும் இருக்கவில்லை. பல பிள்ளைகளுக்குத் தாய் உயிரோடு இருந்தாள். அவளிடம் இல்லாதது அரிசியும், பாடசாலை உள்ள இடத்தில் ஒரு வீடும். தறப்பாளுக்குக் கீழே நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் விதவை, அவர்களில் இருவரையாவது 'சிஸ்டர்மாரிடம்' விட்டால் படிக்கும், சாப்பிடும், இயக்கத்துக்குப் போகாது என்று எண்ணினாள். கடைசிக் காரணத்தை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் விடுதலைப் புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்தது உண்மை. 2002க்குப் பிந்திய ஆண்டுகளில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களை யுனிசெப் பதிந்திருக்கிறது. ஆதரவற்ற பிள்ளைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். கேட்க ஆளில்லாத பிள்ளையை யாரும் கொண்டுபோகலாம்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. ஏ-9 திறந்தது. கட்டடங்கள் மீண்டும் எழுந்தன. மூச்சு விடக் கிடைத்த காலம் மூன்று ஆண்டுகூட இல்லை. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள் காலை முல்லைத்தீவுக் கரையில் கடல் ஏறியது. மீன்பிடிக் குடும்பங்களின் ஆலயமான புனித இராயப்பர் ஆலயம் சிதைந்தது. கரையோரத்தில் இருந்த செந்தளிர் என்ற சிறுவர் இல்லத்தில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் அலையோடு போனார்கள். முல்லைத்தீவுப் பங்குத்தந்தை ஜேம்ஸ் பத்திநாதனும் மற்றக் குருக்களும் பல நாட்கள் சடலங்களை எடுத்து அடக்கம் செய்வதிலும், மிஞ்சிய பிள்ளைகளை உறவினரோடு சேர்ப்பதிலும் கழித்தார்கள். நாடெங்கும் சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கண்டவர் தூக்கிப் போகாமலிருக்க 2005இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பிள்ளையை முடிந்தவரை உறவினரிடம், வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைப்பது என்ற நோக்கு அதில் தெளிவாக இருந்தது. வன்னியில் அந்த நோக்கு வேரூன்ற அவகாசம் கிடைக்கவில்லை. 2006இல் போர் திரும்பிவிட்டது.

இந்தப் போரில் நிவாரணம் கொண்டுபோகும் பாதையே கொலைக்களமாகியது. 2007 செப்டெம்பர் 26ஆம் திகதி, மன்னாரில் இயேசு சபை அகதிகள் பணியின் பொறுப்பாளராக இருந்த அருட்தந்தை நிக்கொலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித், இடம்பெயர்ந்தவர்களுக்கும் ஒரு சிறுவர் இல்லத்துக்கும் பொருள் ஏற்றிக்கொண்டு வன்னிப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். கிளைமோர் வெடித்தது. அவருக்கு வயது 40. ஏழு மாதம் கழித்து, 2008 ஏப்ரல் 20ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, 'கிளி பாதர்' என்று சனம் அழைத்த அருட்தந்தை மரியாம்பிள்ளை கருணாரட்ணம் மல்லாவிப் பக்கத்தில் அதேபோலக் கிளைமோரில் கொல்லப்பட்டார். வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவர் அவர்.

ஐ.நா. வாகனங்கள் வெளியேறியது இதற்குப் பின்னர்தான். எஞ்சியவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியும், தெரிந்தே நின்றார்கள்.

2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. சனம் விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று கிழக்கே தள்ளப்பட்டது. ஒவ்வொரு இடத்திலும் முதல் வேலை பங்கர் வெட்டுவது; மணற்பாங்கான இடத்தில் மண் சரியும், பனங்குற்றி வைத்துத் தாங்க வேண்டும், பனங்குற்றி இல்லாத இடத்தில் சீலையில் மண் கட்டி அடுக்க வேண்டும். இரண்டாவது வேலை கஞ்சி. அரிசி குறையக் குறையக் கஞ்சியில் தண்ணீர் கூடியது. கடைசியில் உப்பும் இல்லை. பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் நிற்கும்போதே செல் விழுந்த நாட்கள் உண்டு.

வலைஞர்மடம் மாதா ஆலய வளவில் நூற்றுக்கணக்கான இளையோர் ஒளிந்திருந்தார்கள். ஆட்சேர்ப்புக்குப் பயந்து பெற்றோர் அவர்களைக் குருக்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். புலிகள் ஆலயத்துக்குள் புகுந்து அவர்களை இழுத்துச் சென்றார்கள். தடுக்கப் போன குருக்களால் தடுக்க முடியவில்லை. ஏப்ரலில் அதே ஆலயத்தின் மேல் எறிகணை விழுந்தது. தந்தை பத்திநாதன் காயமடைந்தார். வன்னிக் கரித்தாஸ் இயக்குநர் தந்தை வசந்தசீலன் ஒரு காலை இழந்தார். ஒரே ஆலயத்தின் மேல் இரண்டு தரப்பும் செய்தவை இவை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுபவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்யவில்லை.

மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலின் கடைசித் துண்டு நிலத்தில் குருக்கள் சிலர் பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்தார்கள். 18ஆம் திகதி இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துகொண்டிருந்தபோது, மாதக்கணக்கான பட்டினியிலும் களைப்பிலும் நொந்திருந்த அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன் இதயம் நின்று இறந்தார். அதே நாள் வட்டுவாகலில், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், சரணடைந்தவர்களோடு இராணுவத்திடம் போனார். கிளிநொச்சியில் இளையோருக்கு ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். ஒரு வாரத்துக்கு முன்னர்தான் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற்றுக்கு உள்ளே நடப்பதை விவரித்துக் கடிதம் எழுதியிருந்தார். அவரும் அவரோடு போனவர்களும் திரும்பி வரவில்லை. போனவர்களில் குழந்தைகளைக் கையில் பிடித்திருந்த குடும்பங்களும் உண்டு.

உயிர் தப்பிய ஏறத்தாழ 280,000 பேர் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் கச்சேரிகளின் கணக்கையே எடுத்து வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இன்றுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. முகாமுக்குள் தனித்து வந்து சேர்ந்த பிள்ளைகளின் உறவினரைக் கண்டுபிடிக்க, வவுனியாக் கச்சேரியில் யுனிசெப் உதவியோடு ஒரு குடும்பத் தேடல் பிரிவு 2009 டிசெம்பரில் தொடங்கியது. உழவு இயந்திரத்தில் ஏறிப் போன பதிவேடுகளில் எத்தனை மிஞ்சின என்பது அப்போதுதான் பிரச்சினையாகியது. பெயரைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு ஒரு பழைய இல்லத்துச் சிஸ்டரின் ஞாபகமே சாட்சி.

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்குப் பின்னர் வந்த ஆண்டுகளில் வன்னியில் சிறுவர் இல்லங்கள் பெருகின. பழைய திருச்சபைகளின் இல்லங்களோடு, வெளிநாட்டுப் பணத்தில் புதிதாக வந்த சபைகளின் இல்லங்களும், புலம்பெயர்ந்தோர் நடத்திய சைவ இல்லங்களும் சேர்ந்தன. 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின்படி இல்லங்கள் பதியப்பட வேண்டும், பரிசோதிக்கப்பட வேண்டும். சில இடங்களில் பிள்ளையின் படம் பணம் சேர்க்கும் கருவியாக மாறியது. சைவக் குடும்பத்துப் பிள்ளையை மதம் மாற்றுகிறார்கள் என்ற முறைப்பாடும் எழுந்தது. எல்லா இல்லத்தையும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் செல்லடிக்குள் பிள்ளைகளோடு நின்றவர்களின் பெயரால் இப்படியான இல்லங்களுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்கக் கூடாது. முள்ளிவாய்க்காலில் நின்ற குருக்கள் பிள்ளையிடம் சமயம் கேட்டுவிட்டுக் கஞ்சி ஊற்றவில்லை.

போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டின் டிசெம்பரில், பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டிகளை ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்பது அதன் முதன்மையான நிலைப்பாடு. வன்னிக்கு இது நேராகப் பொருந்தும். நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்கள உத்தியோகத்தர்கள் இன்று இல்லத்துக்குள் பிள்ளையை எடுக்கும் முன் வீட்டைப் போய்ப் பார்க்கிறார்கள். மூத்த கன்னியர் பலரும் இதையே சொல்கிறார்கள்: பிள்ளைக்கு ஆகும் செலவைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும்.

இப்படிச் செய்வது இல்லம் நடத்துவதைவிடக் கஷ்டம். விசுவமடுவிலோ முத்தையன்கட்டிலோ கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு கறவை மாடு, கோழிக்கூடு, பிள்ளை ஐந்து கிலோமீற்றர் தாண்டிப் பாடசாலை போக ஒரு சைக்கிள் வேண்டும். மாதத்தில் ஒரு தடவை யாராவது போய்ப் பார்க்கவும் வேண்டும். நன்கொடையாளருக்குக் காட்டப் புதுக் கட்டடம் இருக்காது. திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இருக்காது. ஆகவே பணம் வருவது குறைவு. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து அரிசியும் மண்ணெண்ணெயும் விலை ஏறியபோது, தாய்மார் மறுபடியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இல்ல வாசலுக்கு வந்தார்கள். திருப்பி அனுப்பவும் முடியாது; உள்ளே எடுத்தால் பழைய சுழற்சி. சில பங்குகளில் குருக்கள் பிள்ளையைப் பகலில் சாப்பாட்டுக்கும் பின்னேரப் படிப்புக்கும் வைத்திருந்து, பொழுதுபட முன்னர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு வேண்டியது ஒரு கிடாரம், ஒரு மண்டபம், ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர்.

இந்தப் பின்னேர வகுப்புகளில் பலவற்றை நடத்துபவர்கள், 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகளே. அவர்களில் சிலர் ஆசிரியர்களாக, கிராம சேவையாளர்களாக, தாதியராக வன்னியிலேயே இருக்கிறார்கள். மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் அவர்கள் தொடங்கிய முதல் பாடசாலைகளைப் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)